ஏழாவது டம்ளர்

மரத்தை வெட்டி மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆனால் அந்தத் தெருவில் ஒருவர்கூட அதன் அடிக்கட்டைமேல் உட்கார்ந்ததில்லை.

உட்காரத் தோதான கட்டைதான். எட்டுப் பேர் கால் நீட்டி உட்காரலாம், அவ்வளவு அகலம். ஆனால் பக்கத்தில் போனால் காலடியில் தரை மெல்ல முனகும். "லாரி போகுது, வேற ஒண்ணுமில்ல" என்பார்கள் பெரியவர்கள். அது முட்டுச்சந்து. அங்கே லாரி வந்து வருடக்கணக்காகிறது. பெரியவர்கள் ஒன்று சொன்னால் அதையெல்லாம் நோண்டிப் பார்க்கக் கூடாது.

கொசு அந்தக் கட்டையை முதன்முதலில் பார்த்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். எங்கும் மூடுபனி. தெருவின் இரண்டு பக்கமும் வீடுகள் இருக்கின்றன என்று நம்பிக்கொள்ள வேண்டியதுதான். கட்டை மட்டும் கறுப்பாக, ஈரமாக, தெருக்கோடியில் குந்தியிருந்தது.

"அம்மா, அது மூச்சு விடுது."

"பனிம்மா. ஈரக் கட்டைல ஆவி வரும்."

"ஆவின்னா மேலதானே போகணும்? இது உள்ள போகுதே?"

பதில் தெரியாத கேள்வி வந்தால் அம்மா காதடைப்பானை எடுத்து மாட்டிக்கொள்வார். இப்போதும் மாட்டிக்கொண்டார்.

கொசு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பெயர். பத்து வயது. குரல் மெலிசு, ஆனால் விடாது. ஒரு கேள்வியைப் பிடித்துவிட்டால் காதோரமே சுற்றிக்கொண்டிருப்பாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அம்மா வேலை செய்யும் இடத்துக்கு அவளும் வந்துவிடுவாள்.

அம்மாவின் வேலை பொக்லைன் ஓட்டுவது. மஞ்சள் நிற இயந்திரம். சக்கரத்துக்குப் பதில் இரும்புப் பட்டை. நீளமான ஒரு கை, அதன் நுனியில் ஐந்து பல் வைத்த வாளி. பெரிய பெரிய மரங்களின் அடிக்கட்டைகளை வேரோடு தூக்குவதில் அம்மா கெட்டிக்காரர்.

கொசுவுக்கு ஒரே ஒரு விதி. இயந்திரத்தைச் சுற்றிக் கட்டிய மஞ்சள் நாடாவைத் தாண்டக் கூடாது.

"வானமே இடிஞ்சு விழுந்தாலும்?" என்று ஒருமுறை கேட்டாள்.

"விழுந்தா அந்தப் பக்கம் நின்னு சொல்லு. நான் நிறுத்திடுவேன். யாரு 'நிறுத்து'ன்னு சொன்னாலும் நிறுத்துவேன், எறும்பு சொன்னாலும் சரி."

அம்மாவிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. வேறு எந்த ஆபரேட்டரும் செய்யாத பழக்கம். வேலையைத் தொடங்குமுன் ஏழு எவர்சில்வர் டம்ளர்களில் தண்ணீர் நிரப்பி, கட்டையைச் சுற்றி ஏழு இடங்களில் வைப்பார். பிறகு வாளியைக் கட்டையில் மாட்டி மெதுவாக ஒரு இழுப்பு. இன்ஜின் ஓடுவதால் எல்லா டம்ளரிலும் தண்ணீர் லேசாகச் சிலிர்க்கும். அதற்குக் கணக்கில்லை. ஆனால் ஒன்றிரண்டில் தண்ணீர் துள்ளும். எங்கே துள்ளுகிறதோ அங்கே தரைக்கடியில் பெரிய வேர் ஓடுகிறது என்று அர்த்தம். அந்த இடத்தைத் தோண்டி, இறங்கி, ரம்பத்தால் வேரை அறுத்துவிட்டுத்தான் கட்டையைத் தூக்குவார்.

"வேரு எங்க போயிருக்கு, எதைப் புடிச்சிருக்குன்னு மேல நின்னு பார்த்தா தெரியாது. தண்ணிக்குத் தெரியும்" என்பார்.

அன்றைக்கும் ஏழு டம்ளர்கள் வைத்தாயிற்று. ஏழாவது, கடிகாரக் கடையின் வாசற்படி ஓரத்தில்.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து ஒரு குரல் மட்டும் தனியாக வந்தது.

"பெருமக்களே! வரலாற்றுச் சிறப்புமிக்க இந்த நன்னாளிலே..."

குரலுக்குப் பின்னால் ஒரு ஒலிபெருக்கி வந்தது. அதற்குப் பின்னால் மை பூசிய கறுப்பு மீசை. கடைசியாக மனிதர். தெரு நலச் சங்கத்தின் தலைவர். கேட்பதற்குப் பெருமக்கள் யாரும் இல்லை. ஒரு பூனை இருந்தது. அதுவும் மதில்மேல் ஏறிக்கொண்டது.

கட்டை இருக்கும் இடத்தில் நீரூற்று கட்டப் போகிறார்களாம். அதற்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு அடிக்கல் நாட்டு விழா. கல்வெட்டுகூட வந்துவிட்டது. ஓரத்தில் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். கொசு துணியைத் தூக்கிப் பார்த்தாள். 'தலைவர்' என்ற எழுத்து உள்ளங்கை அளவு. 'நீரூற்று' என்ற எழுத்து கடுகளவு.

தலைவர் பையிலிருந்து ஒரு கத்தைக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். "பதினோரு பக்கம்! பன்னிரண்டு மணிக்குப் பேசணும். அதுக்குள்ள இந்தக் கட்டை இங்க இருக்கக் கூடாது. தெரியுதா?"

"பார்க்கலாம் சார். வேரெல்லாம் அறுத்துட்டா தூக்கிடலாம்" என்றார் அம்மா.

தலைவர் ஒத்திகைக்காக முதல் நான்கு பக்கங்களைப் பனியிடம் பேசினார். பேசிப் பேசித் தொண்டை கட்டிக்கொண்டது. இரண்டு முறை இருமிவிட்டு எங்கோ மறைந்தார். திரும்பி வந்தபோது குரல் பளிச்சென்று இருந்தது.

அம்மா வேலையைத் தொடங்கினார். மூன்று டம்ளர்களில் தண்ணீர் துள்ளியது. மூன்று இடங்களையும் தோண்டினார். ஈர மண்ணுக்குள்ளிருந்து வேர்கள் வெளியே தெரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு ஆளின் தொடை கனம். ரம்பம் பட்டதும் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி கத்தியது. கொசு காதைப் பொத்திக்கொண்டாள். மற்ற மூன்று டம்ளர்கள் சும்மா இருந்தன.

மிச்சம் இருந்தது கடிகாரக் கடைப் பக்கம். மணி பத்தரை.

"அங்கேயும் தோண்டிப் பார்த்துடறேன்" என்றார் அம்மா.

தலைவர் குறுக்கே வந்து நின்றார். "இந்தாம்மா! அது நேத்துதான் பதிச்ச நடைபாதைக் கல்லு. விருந்தினரெல்லாம் நடந்து வர்ற வழி. அதுல கை வெச்சே, அவ்வளவுதான்!"

"அந்தப் பக்கம் வேர் இருந்தா?"

"இல்லை!"

"எப்படித் தெரியும்?"

"நான் சொல்றேன்ல!"

அம்மா பெருமூச்சு விட்டார். "சரி சார். தண்ணி சொல்லட்டும். மூணு தடவை இழுத்துப் பார்ப்பேன். அசையலைன்னா தோண்ட மாட்டேன். அசைஞ்சா தோண்டியே தீருவேன். ஆனா இந்தப் பனியில எனக்கு அந்த டம்ளர் தெரியாது. யாராவது பக்கத்துல நின்னு பார்த்துச் சொல்லணும்."

"நானே பார்க்கிறேன்!" என்றார் தலைவர். ஒலிபெருக்கியில் சொல்ல ஒரு வேலை கிடைத்த மகிழ்ச்சி அவருக்கு.

கொசு குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். கடிகாரக் கடையின் கதவு திறந்தது. ஒரு கண்ணில் கறுப்பு லென்ஸை இடுக்கிய பெண் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏய் பொண்ணு, விறைச்சுப் போயிடுவே. உள்ள வா."

"அம்மா..."

"உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன். கதவை மூடு, பனி உள்ள வருது."

கடைக்குள் நுழைந்ததும் கொசு வாயைப் பிளந்தாள். சுவர் முழுக்கக் கடிகாரங்கள். எண்ணிப் பார்த்தாள். நாற்பத்து மூன்று. எல்லாவற்றிலும் பெண்டுலம் ஆடிக்கொண்டிருந்தது. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். நாற்பத்து மூன்று பேர் ஒரே நேரத்தில் தலையாட்டுவதுபோல.

மேலேயிருந்து டொக், டொக் என்று சத்தம். கொசு திடுக்கிட்டாள்.

"பயப்படாத. என் வீட்டுக்காரர். தபால்காரர். சைக்கிள்ல பறந்தாரு, காலை ஒடிச்சிக்கிட்டாரு. மாடியில மாவுக்கட்டோட கிடக்குறாரு. ஏதாவது வேணும்னா கம்பால தரையைத் தட்டுவாரு." கடிகாரக்கார அத்தை மேலே பார்த்துக் குரல் கொடுத்தார். "என்னங்க?"

"தண்ணி!"

"வர்றேன்!"

வெளியே இன்ஜின் உறுமியது. அம்மா முதல் இழுப்பு இழுக்கிறார் என்று கொசுவுக்குத் தெரிந்தது.

டொக்.

"வர்றேன்னு சொன்னேன்ல!" என்று கத்தினார் அத்தை.

மேலேயிருந்து குரல் வந்தது. "நான் தட்டலியே! நீதான் கீழேருந்து தட்டறேன்னு நெனச்சேன்."

கொசுவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியே ஒலிபெருக்கி முழங்கியது. "அசையவில்லை!"

சத்தம் மேலேயிருந்து வரவில்லை. கொசு குனிந்து தன் காலைப் பார்த்தாள். தரையிலிருந்துதான் வந்தது. அவள் நின்றிருந்த தரை ஓட்டுக்கு நேர் கீழே.

"எலியா இருக்கும்" என்றார் அத்தை. லென்ஸ் இடுக்காத கண்ணில் அந்த நம்பிக்கை தெரியவில்லை.

இன்ஜின் மறுபடியும் உறுமியது. இரண்டாவது இழுப்பு.

டொக். டொக்.

ஒரு தரை ஓடு மெதுவாகத் தலையைத் தூக்கியது. தூங்குகிறவரின் வயிறு எழும்புவதுபோல எழும்பி, திரும்பவும் படுத்துக்கொண்டது.

"அத்தை... கடிகாரத்தைப் பாருங்க."

நாற்பத்து மூன்று பெண்டுலங்களும் ஒரே பக்கம் சாய்ந்து நின்றன. ஒரு நொடி. கடையில் துளிச் சத்தம் இல்லை. பிறகு மாடிப்படியோரச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரங்கள் எல்லாம் ஒன்றாக மணியடித்தன. மணி பத்து நாற்பது. மணியடிக்க வேண்டிய நேரமே இல்லை.

"அசையவில்லை!" என்றது ஒலிபெருக்கி, மிகுந்த திருப்தியோடு.

மேலே தபால்காரர் கத்தினார். "ஏம்மா! இந்த ரூம் கதவு தானா மூடிக்கிச்சு!"

அத்தை மாடிக்கு ஓடினார். கொசுவுக்கும் வெளியே ஓடத்தான் ஆசை. கால்கள் கதவுப் பக்கம் திரும்பியும்விட்டன. ஆனால் கொசுவிடம் ஒரு கேள்வி வந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டால் அவளால் நகர முடியாது.

அம்மா இழுக்கும்போது மட்டும் ஏன் இது தட்டுகிறது?

பேயாக இருந்தால் அதற்குப் பொக்லைனோடு என்ன கூட்டு?

அவள் மெதுவாகச் சுவரோரம் போனாள். படியோரச் சுவரில் ஒரு விரிசல். தலைமுடி கனம். அது தரையில் ஆரம்பித்து, கடிகாரங்களுக்கு நடுவில் புகுந்து, மாடிவரைக்கும் போயிருந்தது. இது பழைய விரிசலா? அவள் விரலால் தொட்டாள். விளிம்பில் சுண்ணாம்புத்தூள் வெள்ளையாக, புதிதாக ஒட்டியது.

கொசு தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். மேசைமேல் ஒரு டம்ளர் இருந்தது. அதை நிரப்பி, தலை தூக்கிய ஓட்டின்மேல் வைத்தாள். பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

மூன்றாவது இழுப்பு.

டொக். டொக். டொக்.

டம்ளரில் தண்ணீர் துள்ளவில்லை. எகிறியது. பாதித் தண்ணீர் அவள் முகத்தில் வந்து விழுந்தது. தலைமுடி கனமாக இருந்த விரிசல் இப்போது ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத் திறந்தது. திறந்தது, ஆனால் மூடவில்லை. சுவருக்குள்ளிருந்து "ம்ம்ம்ம்" என்று நீளமாக ஒரு முனகல் வந்தது.

"அசையவில்லை! பெருமக்களே, அறவே அசையவில்லை!"

"கதவு திறக்க மாட்டேங்குது!" என்று மாடியிலிருந்து அத்தை அலறினார். "நிலை சாஞ்சு இறுகிக்கிச்சு! என்னங்க, உள்ளேருந்து தள்ளுங்க!"

"எந்தக் காலால தள்ளச் சொல்றே?"

கொசு வெளியே பாய்ந்தாள். வாசற்படியில் தலைவர் விறைப்பாக நின்றிருந்தார். காலடியில் ஏழாவது டம்ளர். கொசு குனிந்து உள்ளே பார்த்தாள்.

காலி.

விளிம்பில் அரை வட்டமாகக் கறுப்பு மை.

இல்லாத தண்ணீர் எப்படி அசையும்? தலைவர் மூன்று முறையும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

"சார்! நிறுத்தச் சொல்லுங்க! வேர் வீட்டுக்குள்ள போயிருக்கு! சுவர் பிளக்குது!"

"பெரியவங்க வேலை நடக்கிற இடத்துல சின்னப் பசங்க பேசக் கூடாது."

"மாடியில ஆள் இருக்காங்க சார்!"

"போம்மா, போய் ஓரமா நில்லு. இப்போ தூக்கப் போறாங்க. எவ்வளவு முக்கியமான நேரம்!"

பனிக்குள் இன்ஜின் சத்தம் மாறியது. அந்தச் சத்தம் கொசுவுக்குத் தெரியும். முழு பலத்தோடு தூக்குவதற்கு முன் இயந்திரம் மூச்சை இழுத்துப் பிடிக்கும் சத்தம். அம்மாவின் காதில் காதடைப்பான். கண்முன்னே பனி. நடுவில் மஞ்சள் நாடா. அதைத் தாண்டி ஓடினால் இயந்திரத்தின் கை எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்குத் தெரியும்?

கொசு நாடாவைத் தாண்டவில்லை. தாண்டாமலே எட்டிக் குதித்து, தலைவரின் கையிலிருந்த ஒலிபெருக்கியைப் பறித்தாள்.

"அம்ம்ம்ம்ம்ம்மாஆஆ! நிறுத்த்த்து!"

மெலிசான குரல் ஒலிபெருக்கிக்குள் புகுந்து ஊசியாக வெளியே வந்தது. மதில்மேல் இருந்த பூனை அடுத்த வீட்டுக்குள் விழுந்தது. தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். எப்பேர்ப்பட்ட காதடைப்பானாக இருந்தாலும் அந்தக் குரலைத் தடுக்க முடியாது. பத்து வருடமாக அம்மாவின் காதுக்குப் பழகிய குரல்.

இயந்திரம் அப்படியே நின்றது.

தெரு அமைதியாயிற்று. அந்த அமைதியில் வீடு மட்டும் முனகிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் கேட்டது. தலைவருக்கும் கேட்டது.

"அது... அது லாரி" என்றார் அவர். "இந்த விஞ்ஞான யுகத்திலே பேய் என்று ஒன்று... இல்லைதானே?"

அம்மா இயந்திரத்தின் அறைக்கதவைத் திறந்து தலையை நீட்டினார். "கொசு! என்ன பார்த்தே? நிதானமாச் சொல்லு."

கொசு ஒலிபெருக்கியிலேயே சொன்னாள். தட்டல், ஓடு, தண்ணீர், விரிசல், மாடியில் மாட்டிக்கொண்ட தபால்கார மாமா. ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் கூட்டவில்லை.

"விரிசல் எவ்வளவு அகலம்?"

கொசு உள்ளே ஓடினாள். அளக்க ஏதாவது வேண்டும். வெளியே ஓடிவந்தாள். "சார், அந்தப் பேப்பரைக் கொஞ்சம் குடுங்க!"

"இது என் உரை!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் உரை கொசுவின் கையில் இருந்தது. அவள் உள்ளே ஓடி, பக்கங்களை அப்படியே விரிசலுக்குள் நுழைத்தாள். ஒரு பக்கம் போனது. மூன்று போனது. பதினொன்றும் பாதிவரை போயின.

"பதினோரு பக்கமும் போகுதும்மா! இன்னும் இடம் இருக்கு!"

அம்மாவின் முகம் வெளுத்ததைப் பனிகூட மறைக்கவில்லை.

"உள்ளேயே நிக்காதே. வாசல்ல நின்னு சுவரைப் பாரு. இப்போ வாளி கட்டையைப் புடிச்சுத் தூக்கிட்டு நிக்குது. வேர் விறைப்பா இருக்கு. சட்டுனு விட்டா சுவர் அதிர்ந்து விழுந்துடும். கொஞ்சங் கொஞ்சமா இறக்குவேன். பேப்பர் அசைஞ்சா சொல்லு."

வாசலில் நின்றபடியே கொசு சொல்லிக்கொண்டிருந்தாள். "இறக்கு... இறக்கு... நிறுத்து! கடிகாரம் ஆடுது... சரி, இறக்கு."

ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை. கடைக்குள் ஓடு மெதுவாகப் படுத்தது. சாய்ந்து நின்ற பெண்டுலங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்து, தயங்கி, மறுபடி ஆட ஆரம்பித்தன. முனகல் தேய்ந்துகொண்டே போயிற்று. கடைசியில் சுவர் 'க்ரக்' என்று பல்லைக் கடித்தது.

விரிசல் மூடிக்கொண்டது. பதினோரு பக்க உரையைக் கவ்வியபடி.

மாடியில் கதவு 'படார்' என்று திறந்துகொண்டது.

"ஆளை முதல்ல கீழ இறக்குங்க!" என்றார் அம்மா. தபால்காரரை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கி வந்தார்கள். ஒரு பக்கம் அம்மா, இன்னொரு பக்கம் அத்தை, பின்னால் தலைவர். நாற்காலியில் இருந்தவர் தலைவரைத் திரும்பிப் பார்த்து, "மெதுவா சார், மெதுவா. நேத்து நான் விழுந்ததுகூட உங்க புது நடைபாதைக் கல்லுலதான்" என்றார்.

எல்லாரும் பத்திரமாக வெளியே வந்தபிறகு அம்மா ஏழாவது டம்ளரைக் கையில் எடுத்தார். உள்ளே பார்த்தார். விளிம்பைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து தலைவரின் மீசையைப் பார்த்தார். அத்தை பார்த்தார். தபால்காரர் பார்த்தார். மீசையின் மேல் பாதி கறுப்பு. கீழ்ப் பாதி வெள்ளை.

"இதுல இருந்த தண்ணி எங்க சார்?"

தலைவர் கல்வெட்டைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். "ஆவியாகியிருக்கும்."

"இந்தப் பனியிலயா?" என்று கேட்டாள் கொசு.

மாட்டிக்கொள்ளத் தலைவரிடம் காதடைப்பான் இல்லை. ஒலிபெருக்கி இல்லாமல், ரொம்பச் சின்னக் குரலில், "தோண்டுங்கம்மா" என்றார்.

புதிய நடைபாதைக் கற்களை அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். வாளிப் பல்லால் மண்ணை மெதுவாக, முதுகு சொறிவதுபோல வழித்தார். முழங்கால் ஆழத்தில் அது இருந்தது.

ஒரு பெரிய ஆளின் இடுப்பு கனம். மற்ற வேர்களைப்போல முண்டும் முடிச்சுமாக இல்லை. வழுவழுவென்று, நேராகக் கடிகாரக் கடையின் அடியில் போயிருந்தது. அதன் வளைவுகளில் என்னென்னவோ அகப்பட்டுக் கிடந்தன. ஒரு ரப்பர் பந்து. ஒரு ஸ்பூன். ஒற்றைச் செருப்பு. எத்தனையோ வருடங்களாக அந்தத் தெருப் பிள்ளைகள் தொலைத்தவை. தரைக்குக் கீழே அவை எப்படிப் போயின என்று யாராலும் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் வேர் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தது.

"சுவரே இதுமேலதான் நிக்குது" என்றார் அம்மா. "இதை மட்டும் இழுத்திருந்தா..."

ரம்பத்தை எடுத்தார்.

கடைக்கு வெளியிலேயே, வாசலிலிருந்து இரண்டடி தள்ளி, வேரை அறுத்தார். வீட்டுக்கு அடியில் இருந்த பகுதியைத் தொடவில்லை. அது சுவரைத் தாங்கியபடியே இருக்கட்டும், ஆள் வைத்துச் சுவரைச் சரிபார்க்கும்வரை அத்தையும் தபால்காரரும் பக்கத்து வீட்டில் தங்கட்டும் என்று சொல்லிவிட்டார். பிறகு ஏழு டம்ளர்களையும் நிரப்பி மறுபடி இழுத்துப் பார்த்தார். ஏழாவது டம்ளருக்குப் பக்கத்தில் கொசு உட்கார்ந்திருந்தாள். ஒன்றிலும் தண்ணீர் துள்ளவில்லை.

கட்டை ஒரு பல்லைப்போல லேசாகக் கழன்று வந்தது.

பன்னிரண்டு மணிக்கு விருந்தினர்கள் வந்தார்கள். நடைபாதை இல்லாததால் சேற்றில் நடந்து வந்தார்கள். தலைவர் கடைசி நிமிடம்வரை சுவரிலிருந்து உரையை உருவப் பார்த்தார். 'பெருமக்களே' என்ற துண்டு மட்டும் கிழிந்து கையோடு வந்தது. அவர் ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனார்.

"பெருமக்களே," என்றார். துண்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. "நன்றி."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவருடைய பேச்சுகளிலேயே மிகச் சிறந்தது அதுதான் என்று ஒருவர் கண் கலங்கச் சொன்னார்.

மாலையில் அம்மா டம்ளர்களைத் துடைத்து அடுக்கினார். பனி மறுபடி இறங்க ஆரம்பித்தது. கொசு விட்டுவந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுக்க அவளும் அத்தையும் கடைக்குள் போனார்கள். கடிகாரங்கள் அவரவர் போக்கில் தலையாட்டிக்கொண்டிருந்தன. இயந்திரம் ஓடவில்லை. மாடியில் ஆள் இல்லை.

டொக்.

அத்தை கொசுவின் கையைப் பிடித்துக்கொண்டார். ஓட்டின்மேல் வைத்த டம்ளரில் பாதித் தண்ணீர் இன்னும் இருந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள்.

டொக்.

தண்ணீர் அசையவே இல்லை.

வாசலில் வந்து நின்ற அம்மா, "அறுத்த வேர் தளர்ந்து உட்காருது. அப்படித்தான் சத்தம் வரும்" என்றார். ஆனால் காதடைப்பானை எடுத்து மாட்டிக்கொண்டார்.

கொசு கொஞ்சம் யோசித்தாள். ஒரு வீட்டையே முதுகில் தாங்கிக்கொண்டு இருட்டில் படுத்திருக்கிறது. காலையிலிருந்து எத்தனை முறை தட்டிச் சொல்லிப் பார்த்தது, பாவம். அவள் குனிந்து, விரல் முட்டியால் ஓட்டில் இரண்டு முறை தட்டினாள்.

"கேட்டுச்சு" என்று சொன்னாள். "நிறுத்திட்டோம். இனி யாரும் இழுக்க மாட்டாங்க. தூங்கு."

மூவரும் காத்திருந்தார்கள். ஒரு சத்தமும் இல்லை. நாற்பத்து மூன்று கடிகாரங்களும் நிம்மதியாக, ஆளுக்கு ஒரு நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தன.